மூன்றாவது கேள்வி

அக்கா மகள் மடிக்கணினியை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, நான் படித்து முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாநில அளவில் நடக்கும் ஓர் அழகிப் போட்டிக்கான விண்ணப்பம் அது. உயரம், எடை, படிப்பு, பொழுதுபோக்கு எல்லாம் நிரப்பியாகிவிட்டது. கடைசிப் பெட்டி மட்டும் பாக்கி. 'உங்கள் சமூக நோக்கம் என்ன? ஏன் அதைத் தேர்ந்தெடுத்தீர்கள்? 300 சொற்களுக்கு மிகாமல்.' அதில் 'பெண்கள் முன்னேற்றம்' என்று எழுதியிருந்தாள். அதற்குக் கீழே வெள்ளை.

"எந்தப் பெண்கள்?" என்றேன்.

"எல்லாப் பெண்களும்தான், சித்தி."

"எதில் முன்னேற்றம்?"

மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

நான் இருபது ஆண்டுகளாகப் பள்ளி, கல்லூரிப் பேச்சுப் போட்டிகளில் நடுவராக உட்கார்ந்து வருபவள். என்னிடம் வந்ததற்கு அதுதான் காரணமே தவிர, அழகிப் போட்டிகள் மீது எனக்குப் பிரியம் இருப்பதாக அவள் நினைத்துவிடவில்லை. 1996இல் பெங்களூரில் உலக அழகிப் போட்டி நடந்தபோது நான் பள்ளி மாணவி. எதிர்ப்புக்குப் பயந்து நீச்சலுடைச் சுற்றை மட்டும் செஷல்ஸ் தீவுக்குக் கொண்டுபோனார்கள். அந்தப் போட்டியை எதிர்த்து மதுரையில் ஒருவர் தீக்குளித்து இறந்தார். ஒரு கிரீடத்துக்காக ஓர் உயிரா என்று எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு வாரம் பேச்சு ஓடியது. இரண்டு தரப்பின் மீதும் எனக்கு வந்த எரிச்சல் இன்னும் முழுதாகத் தணியவில்லை. அவளுக்கோ வேறு நினைவு. 2018இல் எங்கள் திருச்சியைச் சேர்ந்த அனுகீர்த்தி வாஸ் மிஸ் இந்தியா ஆனபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. அந்த ஊர்க்காரி என்கிற பெருமையில் தொடங்கியதுதான் இதெல்லாம்.

பேச்சுப் போட்டியில் நான் கற்ற வித்தை ஒன்று உண்டு. பேசி முடித்த பிள்ளையிடம் மூன்று கேள்விகள் கேட்பேன். என்ன சொல்கிறாய் என்பது முதல் கேள்வி. அதற்கு எல்லோரிடமும் பதில் இருக்கும். ஏன் என்பது இரண்டாவது. அதையும் வீட்டில் யாராவது எழுதிக் கொடுத்திருப்பார்கள். மூன்றாவது கேள்வி சின்னது. எவ்வளவு செலவாகும்? யார் செய்வார்கள்? அடுத்த நாள் என்ன ஆனது? இப்படி ஏதாவது ஒன்று. கடன் வாங்கிய பேச்சு அங்கேதான் குப்புற விழும். மரம் நடுவோம் என்று முழங்கிய பையனிடம், நட்ட கன்றுக்கு யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

போட்டிக்குப் பயிற்சி கொடுக்கும் பெண்மணி அவளுக்கு ஒரு பட்டியல் கொடுத்திருந்தார். பெண் கல்வி, சுற்றுச்சூழல், மனநலம், மாதவிடாய் சுகாதாரம், ஆதரவற்ற முதியோர். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு மாதிரிப் பத்தி. ஜவுளிக்கடையில் சேலை விரித்துக் காட்டுவது போல இருந்தது. பட்டியலில் இருந்த எதுவும் பொய்யான பிரச்சினை அல்ல. ஆனால் உனக்கு எது எடுப்பாக இருக்கும் என்பதுதான் அங்கே கேள்வியாக இருந்தது.

இந்தப் பெட்டி எப்படி வந்தது என்று அன்றிரவு அவளுக்குச் சொன்னேன். மிஸ் அமெரிக்கா போட்டியை 1921இல் அட்லாண்டிக் சிட்டியில் தொடங்கியவர்களுக்கு ஒரே ஒரு கவலைதான். கோடை விடுமுறை முடிந்த பிறகும் சுற்றுலாப் பயணிகள் கடற்கரையை விட்டுப் போய்விடக் கூடாது. விடுதிகள் காலியாகிவிடக் கூடாது. இதைவிட நேர்மையான நோக்க அறிக்கையை எந்த அழகிப் போட்டியிலும் நான் பார்த்ததில்லை. 1968இல் அதே கடற்கரை நடைபாதையில் பெண்கள் திரண்டு, குதிகால் செருப்பையும் உள்ளாடையையும் துடைப்பத்தையும் ஒரு குப்பைத் தொட்டியில் போட்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். போட்டியாளர் ஒவ்வொருவரும் ஒரு சமூகப் பிரச்சினையோடு வரவேண்டும் என்ற விதி 1989இல் வந்தது. அதற்குச் சற்று முன்பு, 1988ஆம் ஆண்டின் மிஸ் அமெரிக்காவாக இருந்த கே லானி ரே ராஃப்கோ ஒரு செவிலியர். புற்றுநோயாளிகளையும் மரணத் தறுவாயில் இருப்பவர்களையும் கவனித்துக்கொண்டவர். கிரீடம் வைத்த பிறகும் தன் தொழிலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். அவர் பேசியது எடுபட்டதைப் பார்த்துத்தான் மற்றவர்களுக்கும் அது விதியானது.

அதாவது, அவரிடம் வேலை முதலில் இருந்தது, விதி பிறகு வந்தது. இப்போது விதி முதலில் வருகிறது. அதற்கேற்ற வேலையைத் தேடிக்கொண்டு பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் அலைகிறார்கள்.

உலக அழகிப் போட்டியில் இந்தச் சேவைப் பிரிவை, போட்டியைத் தொடங்கியவரின் மனைவி ஜூலியா மோர்லி 1972லேயே கொண்டுவந்துவிட்டார். 2017இல் பட்டம் வென்ற மானுஷி சில்லார் மாதவிடாய் சுகாதாரத்தை எடுத்துக்கொண்டவர். அவர் அப்போது மருத்துவ மாணவி. அதனால் அந்தப் பேச்சு அவர் வாயில் அந்நியமாக இல்லை. ஆனால் நம் ஆட்களுக்கு நினைவிருப்பது, அதிகச் சம்பளத்துக்கு உரியவர் தாய் என்று கடைசிச் சுற்றில் அவர் சொன்ன பதில்தான். பதில்களின் ராசியே தனி. 2000இல், இன்று வாழும் பெண்களில் மிக வெற்றிகரமானவர் யார் என்று கேட்டபோது பிரியங்கா சோப்ரா அன்னை தெரசாவின் பெயரைச் சொன்னார். தெரசா இறந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. பட்டம் பிரியங்காவுக்குத்தான் கிடைத்தது. இதைச் சொன்னதும் அக்கா மகள் உற்சாகமாகிவிட்டாள். நான் இதை எச்சரிக்கையாகச் சொன்னேன், அவள் நம்பிக்கையாக எடுத்துக்கொண்டாள்.

சிலருக்கு இந்தப் பெட்டியை நிரப்ப யோசிக்கவே தேவையில்லை. சித்திரை மாதம் கூத்தாண்டவர் திருவிழாவையொட்டி விழுப்புரத்தில் நடக்கும் மிஸ் கூவாகம் போட்டியில் மேடையேறும் திருநங்கைகளிடம் போய், உங்கள் சமூக நோக்கம் என்ன என்று கேட்டால் சிரித்துவிடுவார்கள். வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டவள் எதைத் தேடிப் போவாள்? அங்கே மேடையில் நிற்பதே போதுமான பதில்.

இனி என் தவறுக்கு வருகிறேன்.

அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள். இளையவனுக்குப் பதிமூன்று வயது. எட்டு வயதில் டைப் 1 சர்க்கரை நோய் வந்தது. உடம்பின் தற்காப்புப் படையே கணையத்தின் இன்சுலின் சுரக்கும் செல்களை எதிரியாக நினைத்து அழித்துவிடும் நோய் அது. மிட்டாய் தின்று வருவதல்ல. ஆனாலும், "சின்னப் பையனுக்குச் சுகரா? நிறைய இனிப்புக் கொடுத்தீர்களா?" என்று கேட்காத உறவினர் எங்கள் குடும்பத்தில் இல்லை. ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கு முன்பும் ஊசி போட்டாக வேண்டும். 1922இல் டொராண்டோவில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஏற்றும்வரை, இந்த நோய் வந்த குழந்தைகளைப் பெற்றோர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க மட்டுமே முடிந்தது.

வீட்டிலேயே ஒரு நோக்கம் இருக்கும்போது எதற்குப் பட்டியல் என்று எனக்குத் தோன்றியது. ஒரே மூச்சில் 300 சொற்கள் எழுதினேன். நடுராத்திரியில் சர்க்கரை இறங்கி அவன் வியர்த்து விறுவிறுத்துக் கிடந்தது, அக்கா அவன் வாயில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றியது, ஆட்டோவில் மருத்துவமனைக்கு ஓடியது, தாழ்வாரத்தில் அக்காள்காரி பிள்ளையாரை வேண்டிக்கொண்டு நின்றது. எல்லாம் நடந்ததுதான். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. நடுவர்கள் தப்ப முடியாது என்று ஒரு திருப்தியும் கூடவே வந்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பையன் அதைப் படித்தான். "இதில் நான் செத்துப்போனது மாதிரி இருக்கிறது, சித்தி" என்றான்.

எனக்குப் பதில் வரவில்லை. அவனே தொடர்ந்தான். தன் பெயர் வரக்கூடாது. தம்பி என்றும் சொல்லக்கூடாது. அந்த ராத்திரியைப் பற்றி மூச்சுவிடக் கூடாது. "வேண்டுமானால் பாத்ரூம் விஷயத்தைச் சொல்லிக்கொள்ளட்டும்."

எந்த பாத்ரூம் விஷயம்? எங்கள் யாருக்கும் தெரியாது. பள்ளியில் மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் அவன் ஊசி போடக் கழிப்பறைக்குப் போக வேண்டும். வகுப்பில் போட்டால் மற்ற பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்று சொல்லப்பட்டிருக்கிறது. ஈரத் தரை, உடைந்த தாழ்ப்பாள், இன்சுலின் ஊசிப் பேனாவை வைக்க இடமில்லை, வெளியே கதவைத் தட்டும் வரிசை. வாரத்தில் இரண்டு மூன்று நாள் அவன் ஊசி போடாமலேயே சாப்பிட்டிருக்கிறான். மாலையில் சர்க்கரை ஏன் எகிறுகிறது என்று ஓராண்டாக அக்கா சாதத்தின் அளவைக் குறைத்துக்கொண்டிருந்தாள்.

மிஸ் அமெரிக்கா வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்தவர் நிக்கோல் ஜான்சன். 1993இல் கல்லூரியில் படிக்கும்போது அவருக்கு டைப் 1 என்று தெரிந்தது. ஊசிக்குப் பதிலாக இன்சுலினைத் தானே செலுத்தும் பம்ப் என்ற சிறு கருவியை உடம்பில் அணிந்துகொண்டே போட்டியிட்டு, 1999ஆம் ஆண்டின் மிஸ் அமெரிக்கா ஆனார். கிரீடம் போன பிறகும் அதே துறையிலேயே இருந்து, பொதுச் சுகாதாரத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். அவரைத்தான் நான் அக்கா மகளுக்கு முன்மாதிரியாகக் காட்ட நினைத்திருந்தேன். பையன் பேசிய பிறகுதான் வித்தியாசம் உறைத்தது. அது நிக்கோலின் உடம்பு, நிக்கோலின் பம்ப். சொல்லும் உரிமையும் அவருடையது. இங்கே நோய் ஒருவனுக்கு, மேடை இன்னொருத்திக்கு.

சொந்த வலியாகவே இருந்தாலும் அதைக் கேட்டு வாங்க ஒரு விண்ணப்பப் படிவத்துக்கு உரிமை உண்டா என்பது வேறு கேள்வி. 1958ஆம் ஆண்டின் மிஸ் அமெரிக்கா மெரிலின் வான் டெர்பர், சிறுவயதில் தன் தந்தையாலேயே பாலியல் வன்கொடுமைக்கு ஆளானதை ஊரறியச் சொன்னது 1991இல். இடையில் முப்பது ஆண்டுகளுக்கும் மேல். அவர் காலத்தில் இந்தப் பெட்டி இல்லை. இருந்திருந்தால் அவர் அதில் என்ன எழுதியிருப்பார் என்று யோசித்தால் எனக்கு அடிவயிறு கலங்குகிறது. இன்றைய பயிற்சியாளர் யாராவது பக்கத்தில் இருந்திருந்தால், 'இதுதான் உன் பலம், இதையே எழுது' என்று சொல்லியிருப்பாரோ என்னவோ. நானும் அந்தப் பயிற்சியாளர் வேலையைத்தான் ஒரு ராத்திரி பார்த்தேன்.

ஆகவே நோயை விட்டோம். கழிப்பறையைப் பிடித்துக்கொண்டோம். 'பள்ளிகளில் ஊசி போட்டுக்கொள்ள ஓர் இடம்.' எழுதியதைப் பார்த்த பயிற்சிப் பெண்மணி, "ரொம்பச் சின்னதாக இருக்கிறதே?" என்று கேட்டாராம். சர்க்கரை நோய் விழிப்புணர்வு என்று பொதுவாக வைத்துக்கொள்ளலாமே என்றாராம். அவருடைய கவலையும் புரிகிறது. போட்டி நடத்துபவர்களுக்குப் பொதுவாக இருந்தால் வசதி. 2003ஆம் ஆண்டின் மிஸ் அமெரிக்கா எரிக்கா ஹாரல்ட், திருமணத்துக்கு முன் பாலுறவைத் தவிர்ப்பது பற்றிப் பேசி வந்தவர். தேசிய அளவில் அவருடைய நோக்கம் இளையோரிடையே வன்முறையையும் மிரட்டலையும் தடுப்பது என்று ஆனது. பழைய விஷயத்தைப் பேச வேண்டாம் என்று போட்டி நிர்வாகத்திலிருந்து தனக்கு அழுத்தம் வருவதாக 2002இல் அவரே செய்தியாளர்களிடம் சொன்னார். அவர் சொன்ன கருத்தோடு எனக்கு உடன்பாடு கிடையாது. ஆனாலும், மிரட்டலுக்கு எதிராகப் பேச அனுப்பப்பட்ட பெண்ணையே மிரட்டினார்கள் என்றால் சிரிக்காமல் என்ன செய்வது?

அக்காதான் கடைசித் தடை. "நாளைக்குப் பெண் கேட்டு வருகிறவர்கள், உங்கள் வீட்டில் சர்க்கரை நோய் இருக்கிறதாமே என்று கேட்டால்?" என்றாள். பையனுக்காக அல்ல, பெண்ணுக்காக. பத்திரிகைகளில் படிக்கும்போது இதைப் பிற்போக்கு என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டலாம். நேரில் அப்படி முடியாது. டைப் 1 உள்ள பெண் குழந்தைகளின் நோயை அடுத்த வீட்டுக்கும் தெரியாமல் வைத்திருக்கும் குடும்பங்களை எனக்குத் தெரியும். அக்கா இல்லாத பூதத்துக்குப் பயப்படவில்லை. பெயரும் உறவும் வராது என்று சத்தியம் செய்த பிறகுதான் கையெழுத்துப் போட்டாள்.

பிறகு மூன்று மாதம் அலைச்சல். லால்குடி, மண்ணச்சநல்லூர், திருவெறும்பூர் என்று பதினோரு பள்ளிகளுக்குப் போனாள். பாதிப் பயணங்களுக்கு நானும் துணை. நான்கு பள்ளிகளில் பேசவிட்டார்கள். மற்றவற்றில், "எங்கள் பள்ளியில் அப்படிப்பட்ட பிள்ளைகள் யாரும் இல்லை" என்றார்கள். அப்படிச் சொன்ன பள்ளி ஒன்றின் வாசலில், இஸ்திரி போடும் அம்மாள் எங்களை நிறுத்தி, தன் பேத்தி அங்கேதான் ஆறாவது படிப்பதாகவும், மதிய ஊசியை வீட்டுக்கு ஓடிவந்து போட்டுக்கொண்டு போவதாகவும் சொன்னார். அவர் வீட்டில் குளிர்சாதனப் பெட்டி கிடையாது. பெரிய மண்பானைக்குள் சின்னப் பானை, இடையில் ஈர மணல், அதற்குள் மருந்து. பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும் என்பது புத்தகத்தில் இருப்பது. அந்தக் குளிர் பானையில் வராது. ஆனால் பிரித்துப் பயன்பாட்டில் இருக்கும் குப்பியைத் திருச்சியின் சித்திரை வெயிலிலிருந்து காப்பாற்றப் பானை போதும். பிரிக்காத குப்பிகளைத் தெருமுனை மருந்துக்கடைக்காரர் தன் பெட்டியில் வைத்துக்கொடுக்கிறார். இதை அந்த அம்மாள் ஏதோ ஊறுகாய் ஜாடி வைக்கும் முறையைச் சொல்வது போலச் சொன்னார். அக்கா மகள் தெருவில் நின்றபடியே குறித்துக்கொண்டாள். பெண்கள் முன்னேற்றம் என்று எழுதியவள் ஒரு பெண்ணிடம் வாய்மூடிக் கேட்டுக்கொண்டு நின்றதை நான் அன்றுதான் முதலில் பார்த்தேன்.

தலைமையாசிரியை ஒருவர், விதி ஏதாவது இருந்தால் காட்டுங்கள் என்றார். டைப் 1 உள்ள மாணவர்கள் பொதுத் தேர்வு அறைக்குள் சர்க்கரை மாத்திரை, பழம், தண்ணீர் கொண்டுபோகலாம் என்று சிபிஎஸ்இ வாரியம் 2017இல் அனுமதித்திருந்தது. அதை அச்செடுத்துக்கொண்டு போனோம். "இது தேர்வுக்குத்தானே, சாப்பாட்டு வேளைக்கு இல்லையே?" என்றார் அவர். சரியான மூன்றாவது கேள்வி. எங்களிடம் பதில் இல்லை. பிறகு என்ன நினைத்தாரோ, நூலக அறையின் மூலையைக் காட்டி, அங்கே உட்கார்ந்து போட்டுக்கொள்ளட்டும் என்றார்.

போட்டி சென்னையில் ஒரு நட்சத்திர விடுதியில் நடந்தது. என்னைப் போன்றவர்களுக்குப் பின் வரிசை. முதல் பத்துப் பேரில் அவள் வந்துவிட்டாள். உன் நோக்கம் என்ன என்று கேட்டார்கள், சொன்னாள். அதற்கு ஏன் பள்ளியில் இடம் வேண்டும், காலையும் மாலையும் வீட்டில் போட்டால் போதாதா என்று அடுத்த கேள்வி. சாப்பாட்டுக்கு முன் போடும் ஊசி சாப்பிடும் இடத்தில்தான் வேண்டும், மதியச் சோற்றைப் பிள்ளைகள் பள்ளியில்தான் தின்கிறார்கள் என்றாள். எவ்வளவு செலவாகும் என்று மூன்றாவது நடுவர் கேட்டபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு துள்ளல். "ஒரு நாற்காலி, ஒரு மேசை, தாழ்ப்பாள் உள்ள ஒரு கதவு. பெரும்பாலான பள்ளிகளில் மூன்றும் ஏற்கெனவே இருக்கின்றன" என்றாள். கைதட்டல். நான் என் கைப்பையை மூடிக்கொண்டு எழுந்திருக்கவே தயாராகிவிட்டேன்.

அந்த நடுவர் மைக்கை வைக்கவில்லை. புன்னகையோடு, "இவ்வளவு விவரமாகச் சொல்கிறீர்களே, உங்கள் வீட்டில் யாருக்காவது இருக்கிறதா?" என்று கேட்டார். நல்ல மனத்தோடு, அவளுக்கு உதவத்தான் கேட்டார். ஆம் என்று ஒரு சொல். கூடவே அந்த ராத்திரியை இரண்டே வாக்கியத்தில் சொல்லியிருந்தால் கூடம் முழுக்கக் கைக்குட்டையை எடுத்திருக்கும். இருபது ஆண்டு நடுவராக உட்கார்ந்தும் நான்காவதாக ஒரு கேள்வி உண்டு என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது. அதற்கு நான் அவளைத் தயார்செய்யவில்லை.

சில நொடிகள் பேசாமல் நின்றாள். பிறகு, "அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை, ஐயா" என்றாள்.

கைதட்டல் வரவில்லை. நடுவர் தலையசைத்துவிட்டுக் குனிந்து ஏதோ எழுதினார். முதல் ஐந்து பேரில் அவள் பெயர் வரவில்லை. அந்த ஒரு பதில்தான் கவிழ்த்துவிட்டது என்று பயிற்சிப் பெண்மணிக்கு இன்றும் வருத்தம். அவள் நடையில் கொஞ்சம் தடுமாற்றம் இருந்தது, அதனாலும் இருக்கலாம் என்பது என் கணிப்பு. அக்காவுக்கோ வேறு குறை. "அனுமதி இல்லை என்று சொல்லியே, சொல்லாமல் சொல்லிவிட்டாளே?" என்றாள். அதிலும் நியாயம் இருக்கிறது.

இரவு பஸ்ஸில் திருச்சிக்குத் திரும்பினோம். விழுப்புரம் தாண்டும்வரை அவள் தூங்கவில்லை. கண்மையைத் துடைத்த பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டே, அந்த இஸ்திரிக்கார அம்மாளின் பேத்தி படிக்கும் பள்ளிக்கு மறுபடியும் போக வேண்டும், இந்தத் தடவை தலைமையாசிரியரைப் பார்க்காமல் உடற்கல்வி ஆசிரியரைப் பார்க்கலாம் என்றாள். பாத்ரூம் சாவி அவரிடம்தான் இருக்கிறதாம்.

பையனுக்கு இப்போது அவன் பள்ளியில் ஆய்வகத்தை ஒட்டிய சின்ன அறை கிடைத்திருக்கிறது. மணியடித்ததும் போய்ப் போட்டுக்கொண்டு வருகிறான். நாற்காலியின் ஒரு கால் குட்டை, ஊசி போடும்போது ஆடுகிறது என்று போன வாரம் புகார் சொன்னான். தச்சரை நாமே அனுப்பிவைக்கலாமா என்று பள்ளியில் கேட்க அக்கா இன்னும் தயங்கிக்கொண்டிருக்கிறாள்.